அப்பா வீட்டில் இருக்கும் நேரம்

(கரவெட்டியில் ஒரு சனசமூக நிலையத்தில், பனைத் தொழிலாளரும் மேசன்மாரும் வெங்காயம் செய்யும் கமக்காரரும் குடும்பத்தோடு கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் எமது தோட்டக் கமிட்டித் தோழர்கள் ஆற்றிய உரை)



எங்களை அழைத்த தோழர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் சொன்னார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் எங்களுக்கு வாய் திறக்கவும் தெரியாது. ஆனால் இந்த முறை, கைக்குழந்தை வைத்திருக்கிற ஓர் இளம் தகப்பனின் ஒரு நாளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். அவர்களும் சரி என்றார்கள். நாங்கள் மூன்று பேர் வந்திருக்கிறோம். இரண்டு பேர் ஆண்கள், ஒருவர் கொழுந்து எடுக்கும் தங்கச்சி. மூவருக்கும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உண்டு. ஒருவர் பேசினாலும் மூவரின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட வேண்டும். இங்கே நீங்கள் "தோட்டம்" என்றால் கிணற்றடியில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நிற்கிற காணியைச் சொல்கிறீர்கள். காலையில் "தோட்டத்துக்குப் போட்டு வாறன்" என்று ஒருவர் சொன்னபோது எங்கள் தோழர் ஒருவர் திடுக்கிட்டுப் போனார். எங்களுக்குத் தோட்டம் என்றால் கம்பனியின் மலை. நாங்கள் இருக்கும் லயமும், பிள்ளை விளையாடும் வாசலும், செத்தால் புதைக்கும் இடமும் அதற்குள்தான். ஒரே சொல்லை இருநூறு வருடமாக இரண்டு விதமாகப் பேசி வந்திருக்கிறோம்.

இனி அந்தத் தகப்பனின் நாளுக்கு வருவோம். லயத்துக் காம்பரா ஒன்று பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. அதில் தாய், தகப்பன், பிள்ளை, பல வீடுகளில் தாத்தா பாட்டியும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். பிள்ளை இரவு இரண்டு மணிக்கு அழுதால் ஒரு லயமே விழிக்கும். "என்னா தம்பி, புள்ளைக்கு வயித்து வலியா?" என்று மூன்றாவது காம்பராவிலிருந்து கிழவியின் குரல் வரும். அது அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள நாலு வார்த்தைக்கு இடமில்லாத வீட்டில்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கின்றன. கூடவே இருந்தும் தனியே இருக்க முடியாத வாழ்க்கை அது.

தாய் நாலு மணிக்கு எழும்புகிறாள். தண்ணீர், அடுப்பு, ரொட்டி, சம்பல், பிள்ளைக்குப் பால், மத்தியானத்துக்குச் சோறு. தகப்பன் அவளுக்கு ஒரு மணி நேரம் பிந்தி எழும்புகிறான். பெரட்டுக் களத்தில் நேரத்துக்கு நிற்க வேண்டும். பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு ஓட வேண்டும். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை போட்டிருக்கிறார்கள். எங்கள் வாயில் அது இன்னும் பிள்ளை மடுவந்தான். அந்தக் கதவு திறக்கும் நேரமும் பெரட்டு நேரமும் ஒன்றாக இருந்தால் பிள்ளை வைத்திருப்பவர் என்ன செய்வது? ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவரை "வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. உங்களில் மேசன் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது விளங்கும்.

சம்பளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2021 இல் சம்பள நிர்ணய சபையின் முடிவால் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. இரண்டும் போராடிப் பெற்றவை. ஆனால் ரூபாய் ஏறும்போது தராசும் ஏறுகிறது. ஒரு முழுப் பேருக்கு எத்தனை கிலோ என்பது ஒவ்வொரு தோட்டத்திலும் மேலே போகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். கொழுந்து இல்லாத வறட்சி மாதத்திலும் தராசு அதே கணக்கைத்தான் கேட்கும். கவ்வாத்து வெட்டுகிற ஆணுக்கு மரக்கணக்கு, கான் வெட்டுகிறவனுக்கு முழக்கணக்கு. இப்படி ஒரு நாள் முழுக்க இன்னொருவர் போட்ட கணக்கில் நடந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன், கதவைத் திறந்ததும் பிள்ளை "அப்பா" என்று ஓடி வரும்போது எந்த முகத்தோடு நிற்பான்? சில நாள் சிரித்த முகத்தோடு. சில நாள் கங்காணியிடம் பேச முடியாமல் விழுங்கின பேச்சு பிள்ளையின் முதுகில் அடியாக விழுகிறது. எங்கள் லயங்களில் இதைக் கண்டிருக்கிறோம். உங்கள் வளவுகளிலும் இருக்கும். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினால் "அது குடும்ப விஷயம்" என்று மூத்தவர்கள் சிலர் தள்ளிவிடுகிறார்கள். பெரட்டுக் களத்தில் தொடங்கியது லயத்தில் முடிகிறது என்றால் அது எப்படிக் குடும்ப விஷயம் மட்டும் ஆகும்?

எட்டு மணி நேர வேலை என்பதற்காக 1886 இல் சிக்காகோவில் தொழிலாளர் உயிர் கொடுத்தார்கள். மே தினத்தில் ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்கிறோம். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், மிச்ச எட்டு மணி நமக்கு என்பதுதான் அன்றைய கோரிக்கை. முதல் எட்டைப் பற்றி ஒரு நூற்றாண்டாகப் பேசுகிறோம். மிச்ச எட்டு என்ன ஆனது என்று சங்கம் கேட்பதே இல்லை. ஓர் இளம் தகப்பன் தன் பிள்ளையைப் பார்ப்பதும், தப்பு அடிப்பதும், பந்து விளையாடுவதும், ஒரு புத்தகத்தைத் திறப்பதும் அந்த எட்டுக்குள்தான்.

போன வருடம் எங்கள் கமிட்டி ஒரு காரியம் செய்தது. பிள்ளைக்காரக் குடும்பங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொருவர் கையிலும் இருபத்து நாலு புளியங்கொட்டை கொடுத்தோம். கொட்டை ஒன்று மணி ஒன்று. வேலைக்கு எத்தனை, தூக்கத்துக்கு எத்தனை, சமையலுக்கு, தண்ணிக்கு, விறகுக்கு, பிள்ளைக்கு எத்தனை என்று சாக்குத் துண்டில் பிரித்து வைக்கச் சொன்னோம். கடைசியில் ஆண்கள் கையில் நாலு, ஐந்து, சிலருக்கு ஆறு கொட்டை மிஞ்சியது. பெண்கள் பலர் கையில் ஒன்றும் இல்லை. ஒரு அக்காவுக்கு ஒன்று மிஞ்சியது. "அதுவும் குளிக்கப் போற நேரந்தான் தம்பி" என்றார். ஆண்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் ஒன்றும் மாயம் இல்லை. 1984 இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. அதற்கு முன் ஒரே மலையில் நின்ற பெண்ணுக்கு நாட்கூலி குறைவு. பெரிய வெற்றிதான் அது. ஆனால் கூலிதான் சமமானது, மணி சமமாகவில்லை. கவ்வாத்துக்கோ மருந்தடிக்கவோ போகிற ஆண் தன் கணக்கை முடித்துவிட்டு மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கொழுந்து எடுக்கிறவள் மாலை நிறுவை முடியும் வரை மலையில் நிற்க வேண்டும். அதன் பிறகு விறகுக் கட்டோடு இறங்கி, மடுவத்தில் பிள்ளையை எடுத்துக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். இடையில் உள்ள மூன்று நாலு மணி நேரத்தில் வீட்டில் ஓர் ஆள் இருக்கிறான். அவன் அந்தப் பிள்ளையின் தகப்பன். ஆனால் மடுவத்துக்குப் போய்ப் பிள்ளையை அவன் எடுத்தால் ஊர் சிரிக்கும் என்று ஒரு பயம்.

எங்களில் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். அவருடைய மனைவிக்கு அன்று பேர் விட முடியாது. வரிசை முழுக்கப் பெண்கள். "என்னாண்ணே, அண்ணி மலைக்கு, நீங்க ஊசிக்கா?" என்று ஒரு தங்கச்சி கேட்க, வரிசையே சிரித்தது. கார்டைப் பார்த்த மருத்துவமாது, அடுத்த ஊசி எப்போது, போன மாதம் நிறை எவ்வளவு என்று கேட்டார். அவர் இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னார். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. அடுத்த கிளினிக்கில் இன்னும் இரண்டு தகப்பன்மார் நின்றார்கள். ஒருவர் மட்டும் வெளியே பலாமரத்தடியில் நின்றார், உள்ளே வர வெட்கம்.

இந்தக் கேலியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சட்டமும் தகப்பனைக் கணக்கில் எடுக்கவில்லை. 1939 ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தாய்க்கு லீவு தந்தது. 2018 இல் திருத்தம் வந்த பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆனது. முன்பெல்லாம் மூன்றாம் பிள்ளை என்றால் பாதிதான். தகப்பனுக்கு? அரசாங்க உத்தியோகத்தனுக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள் லீவு. இந்தியாவில் மத்திய அரச ஊழியனுக்கு 15 நாள். தோட்டத் தொழிலாளிக்கும், கடைச் சிப்பந்திக்கும், மேசனுக்கும் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவனுக்குப் பேர் இல்லை. உத்தியோகத்தனின் பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும், கூலிக்காரனின் பிள்ளைக்கு வேண்டாம் என்று எந்தக் கடவுளும் எழுதவில்லை, சட்டப் புத்தகம்தான் எழுதாமல் விட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் இருக்கவே முடியாத தகப்பன். எங்கள் இளைஞர் பாதிப் பேர் கொழும்பில். புடவைக்கடை, ஹோட்டல், கட்டட வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்கள். ஒரு தம்பி ஐந்து மாதம் கழித்து வந்தார். இரண்டரை வயது மகள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அம்மாவின் ஃபோனைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, "அப்பாவுக்கு எடுங்க" என்றாள். அவளுக்கு அப்பா ஃபோனுக்குள்தான் இருக்கிறார்.

தாய் வெளிநாடு போன வீடுகளும் இருக்கின்றன. அங்கே தகப்பன்தான் தலை சீவி, சோறு ஊட்டி, பாடசாலைக்கு அனுப்புகிறான். அப்படிப்பட்டவர்களைச் "சும்மா இருக்கிறவன்" என்று ஊர் பேசும். 2013 இல் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை போட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள பெண் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றது. பிறகு அது தளர்த்தப்பட்டது. பிள்ளைக்காக என்று சொன்னார்கள். நல்லது. ஆனால் ஆண் போகும்போது, உனக்கு எத்தனை வயதில் பிள்ளை என்று விமான நிலையத்தில் எவரும் கேட்டதில்லை. உங்கள் ஊரிலும் லண்டனிலும் கனடாவிலும் டுபாயிலும் இருக்கிற தகப்பன்மார் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்கத் தேவையில்லை. இன்று பகல் நடந்து வந்த ஒழுங்கைகளில் கண்ட பூட்டிய படலைகளே சொல்லின.

சரி, பொழுதுபோக்குக்கு வருவோம். பாவம், பின்வரிசைத் தம்பிமார் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் வொலிபோல் உண்டு. 1991 இல் அதை நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவித்தார்கள். அதற்கு எங்களுக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் மலையில் கிரிக்கெட் அடித்தால் பந்து மூன்று நிரை கீழே போய்விடும். இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். ஸ்டோருக்குப் பக்கத்தில் கொஞ்சம் மட்டமான தரை உண்டு. ஆனால் அந்தத் தரை கம்பனியுடையது. ஒரு போட்டி வைக்க வேண்டுமானால் துரைக்கு விண்ணப்பம் எழுதி, கிளார்க்கிடம் கொடுத்து, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அந்த இடத்தில் லொறி நிறுத்துகிறோம் என்று வலையைக் கழற்றச் சொன்னார்கள். பையன்கள் கழற்றினார்கள். அன்று மாலை அதே பையன்களில் சிலர் சாராயக்கடைக்குப் போனார்கள். விளையாட்டுக்கு இடம் கேட்டால் நிர்வாகத்துக்குப் பத்து நாள் யோசனை வேண்டும். கசிப்புக்காரனுக்கு எந்த யோசனையும் வேண்டாம், லயத்து வாசலுக்கே வருவான். கள்ளு இறக்குகிற தோழர்கள் முன்னால் குடியைப் பற்றிப் பேசுவதில் எங்களுக்குச் சங்கடம் உண்டு. உங்கள் கள்ளைச் சொல்லவில்லை. ஒரு நாள் கூலியை ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடுகிற போத்தலைச் சொல்கிறோம்.

பிறகு காமன் கூத்து. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, காப்புக் கட்டி, ரதியும் மன்மதனும் ஆட, சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிவது வரை தோட்டமே இரவு விழித்திருக்கும். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன்தான் இரவில் மன்மதன். ரதியும் ஓர் ஆண்தான். எங்களில் ஒருவரின் அப்பா முப்பது வருடம் ரதி ஆடியவர். "அப்பா சேலை கட்டினார்" என்று அவருக்கு வெட்கம் வந்ததே இல்லை. பிள்ளையைத் தூக்கி நடக்க வெட்கப்படுகிற ஊர் அதே ஊர்தான்! இந்தப் பாட்டுகளும் தாலாட்டும் ஒப்பாரியும் அழிந்து போகாமல் இருப்பதில் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. மடகொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. தொழிற்சங்கக்காரர், 1947 இல் தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினர். சங்க வேலையோடு வேலையாக, மலையிலும் லயத்திலும் மக்கள் பாடியதைக் கேட்டு எழுதிச் சேர்த்தார். கணக்குப் பார்த்தால் அதுவும் பொழுதுபோக்குத்தான். அந்தப் பொழுதுபோக்கு இல்லையென்றால் எங்கள் பாட்டிமார் பாடியது எங்கள் பிள்ளைகளின் காதுக்கு வந்திருக்காது.

இந்த மண்ணிலும் அதே கதைதான். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932 இல் கரவெட்டியில் பிறந்தவர். பேராசிரியர் ஆகும் முன் ஆசிரியராக இருந்தார், பாராளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். இலங்கையர்கோனின் "விதானையார் வீட்டில்" வானொலி நாடகத்தில் விதானையாராக நடித்தார். நடிப்பின் மேல் இருந்த அந்த ஆசைதான் பின்னால் பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பழந்தமிழர் நாடகத்தைப் பற்றி ஆராயும் அளவுக்கு வளர்ந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை என். கே. ரகுநாதன் "கந்தன் கருணை" என்று நாடகமாக எழுத, அம்பலத்தாடிகள் அதைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றினார்கள். உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை, ஆனால் இந்த உரையை வாசிக்கப்போகிற எங்கள் தோட்டத்து மக்களுக்காகச் சொல்கிறோம். காத்தவராயன் கூத்து இந்தப் பக்கத்து மக்கள் கோயில் வாசலில் விடிய விடிய ஆடுவது, நம் காமன் கூத்தைப் போல. அதே தாளத்தை எடுத்து, கோயிலுக்குள் ஏன் எங்களை விடவில்லை என்று கேட்டார்கள். வேலை முடிந்த பிறகு ஆடுகிற ஆட்டம் வெறும் ஆட்டமாகவே நிற்காது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்று பகல் ஒரு பனைத் தொழிலாளத் தோழர் தன் நாளைச் சொன்னார். காலையிலும் மாலையிலும் மரம் ஏற வேண்டும். ஒரு நாள் பாளை சீவாமல் விட்டால் மரம் கெட்டுவிடும். ஆகவே சீசனில் லீவு என்ற பேச்சே இல்லை. காய்ச்சல் என்றாலும் தளைநாரை எடுக்க வேண்டும். ஆனால் நடுப்பகல் அவருடையது. அந்த நேரத்தில் மகனோடு இருக்கிறார். 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு தவறணைக் குத்தகைக்காரனுக்காக ஏறிய காலம் போய்விட்டது, பகலில் அவரை எவரும் கூப்பிட முடியாது என்றார். நாங்கள் கேட்டது கள்ளின் விலையை. அவர் சொன்னது நேரத்தைப் பற்றி. அது எங்கள் மனதில் நின்றுவிட்டது. மரத்தில் உயிரைக் கையில் பிடிக்கிற தொழில் அது, அதைச் சுகம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தன் மத்தியானம் தன்னுடையது என்று சொல்லும் தொழிலாளியைத் தோட்டத்தில் நாங்கள் அதிகம் கண்டதில்லை.

அந்த மத்தியானத்தில் அவர் மகனோடு பட்டம் கட்டுகிறார். வடமராட்சிப் பட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம், பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் நடக்கும் போட்டியை ஃபோனில் பார்த்தும் இருக்கிறோம். கையில் பிடித்துப் பார்த்தது இன்றுதான். மூங்கிலைச் சீவி, நிறை பார்த்து, இரண்டு செட்டையும் ஒரே பாரம் வரும் வரை சுரண்டுகிறார்கள். தலைப்பக்கத்தில் வில் போல ஒன்றைக் கட்டி நாடாவை இழுத்துவிட்டால் காற்றில் அது கூவுகிறது. அதை விண் என்கிறார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் இரவில் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும் வரை விண் கேட்குமாம். ஆறு வயது மகன் முச்சை கட்டத் தெரிந்து வைத்திருக்கிறான். எவரும் உட்கார வைத்துப் படிப்பித்ததல்ல. தகப்பன் வீட்டில் இருந்தார், பையன் பக்கத்தில் இருந்தான், அவ்வளவுதான்.

அந்த வீட்டு அக்கா மட்டும் சும்மா இருக்கவில்லை. "பட்டம் கட்டுற நேரம் ரெண்டு வாளி தண்ணி அள்ளினா என்னவாம் எண்டு கேளுங்கோ" என்றார். தோழர் சிரித்துக்கொண்டே எழும்பிப் போய் அள்ளினார். எங்கள் தங்கச்சிக்கு அன்று முழுக்க அதுதான் பேச்சு.

இந்தக் கேள்வி பெண்களிடமிருந்து வருவதைச் சங்கங்கள் அலட்சியம் செய்யக் கூடாது. 2015 செப்டெம்பரில் கேரளத்து மூணாறில் நம்மைப் போன்ற தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். போனஸை 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைத்ததற்காக. கம்பனியை எதிர்த்தது மட்டுமல்ல, பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். 20 வீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழும்பினார்கள். அந்தச் செய்தி வந்தபோது இங்கே சில தலைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்களுக்குப் பிடித்தது. ஆண்கள் கமிட்டியில் பெண்ணின் நேரத்தை எண்ணாமல் விட்டால் அவர்களே ஒரு நாள் எண்ண வருவார்கள்.

எங்கள் கமிட்டி மாவட்ட மாநாட்டுக்குக் கொண்டு போகிற தீர்மானத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம். பிள்ளை பிறந்தால் தகப்பனுக்குச் சம்பளத்தோடு லீவு, அரச ஊழியனுக்கு உள்ளது குறைந்தபட்சமாக. பிள்ளை மடுவம் பெரட்டுக்கு அரை மணி நேரம் முந்தித் திறக்க வேண்டும், கடைசி நிறுவை முடிந்து தாய் வரும் வரை மூடக் கூடாது. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளை மடுவம் கட்டாயம் என்று இந்தியாவில் 1951 ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. கட்டடம் நம்மிடமும் இருக்கிறது, மணிக்கூடுதான் பிழை. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போகும் நாளில் தாயோ தகப்பனோ, போகிறவருக்குப் பேர் வெட்டக் கூடாது. ஸ்டோர் பக்கத்துத் தரையைத் தோட்ட மக்களின் பேரில் எழுதித் தர வேண்டும். இதற்கு நிர்வாகம் சிரிக்கும் என்று தெரியும். இந்தச் சனசமூக நிலையத்தைப் பாருங்கள். ஒரு மேசை, நாலு வாங்கு, அன்றைய பேப்பர், ஒரு அலுமாரி புத்தகம். ஊர்க்காரர் கட்டியது, திறப்பு ஊர்க்காரரிடம். எவருக்கும் விண்ணப்பம் எழுதத் தேவையில்லை. எங்களுக்கு வேண்டியது இதைவிடப் பெரிதல்ல.

ஆண்களுக்கு ஒரு தீர்மானமும் உண்டு, அதை நிர்வாகம் தரத் தேவையில்லை. மத்தியானம் வேலை முடிந்து வருகிற தகப்பன் மடுவத்தில் பிள்ளையை எடுத்துக்கொண்டு வர வேண்டும். வொலிபோலுக்குப் போனால் பிள்ளையையும் கூட்டிப் போகட்டும். அம்மா மலையால் இறங்கும்போது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். கமிட்டியில் இதைக் கையுயர்த்தி நிறைவேற்றியபோது ஆண்களில் இருவர் கை தூக்கவில்லை. பெயரைச் சொல்லவில்லை, அவர்களுடைய மனைவிமார் கூட்டத்தில் இருந்தார்கள். அது போதும்.

காலை பஸ்ஸுக்கு நாங்கள் போக வேண்டும், நாளை மறுநாள் பெரட்டு. மாசி மாதம் காமன் கூத்துக்கு நீங்கள் குடும்பத்தோடு எங்கள் தோட்டத்துக்கு வர வேண்டும். குளிருக்குக் கம்பளி கொண்டு வாருங்கள், படுக்க லயத்தில் இடம் நெருக்கந்தான், சமாளிப்போம். விண் கட்டிய பட்டம் ஒன்றும் கொண்டு வாருங்கள் அண்ணை. எங்கள் மலையில் காற்றுக்குக் குறைவில்லை. நூல் தேயிலைக்குள் சிக்காமல் ஏற்ற ஒரே இடம் ஸ்டோர் பக்கத்துத் தரைதான். லொறியை அன்றைக்கு எடுக்கச் சொல்லி இப்போதே கடிதம் எழுதத் தொடங்குகிறோம்.